இனிப்பும் அளவும் – நம் விருந்து மரபின் வரலாறு



பள்ளிவாசல் மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் பழைய பள்ளிகள், கல்வெட்டுகள், கப்பலோட்டிய முன்னோர்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். இக்கட்டுரையில் நாம் அடுப்படியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அதிலும் குறிப்பாக, நம் சமுதாயம் எந்தெந்த இனிப்புகளை விரும்பி உண்டது, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை உண்டது, அந்த எண்ணிக்கை எப்போது, எதனால் மாறியது என்பவற்றை ஆராய விழைகிறோம். சிறிய செய்தியாகத் தோன்றினும், நம் இல்லங்களின் உடல்நலமும் நம் மூதாட்டிகளின் கைப்பக்குவமும் இதில் அடங்கியிருப்பதால் இதனைச் சிறிதென்று ஒதுக்கிவிட இயலாது.

இனிப்பை எப்போது உண்பீர்கள் என்று இரண்டு தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்தவர்களிடம் கேட்டிருந்தால், நாட்களைப் பெயர் சொல்லி எண்ணியிருப்பார்கள். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், நிக்காஹ், குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள், மதரஸாவில் பிள்ளை குர்ஆனை ஓதி முடித்த நாள், கடல் கடந்து சென்றவர் திரும்பி வந்த நாள் என்று அப்பட்டியல் அமையும். சில ஊர்களில் மௌலிது நேர்ச்சையும் பராஅத் இரவின் ரொட்டியும் அல்வாவும் அதில் சேரும். இவை பற்றி இன்று கருத்து வேறுபாடுகள் உண்டெனினும் வரலாற்றுச் செய்தியாகவே இங்குக் குறிப்பிடுகிறோம். இன்றோ அதே கேள்விக்கு நம்மால் அவ்வாறு நாட்களை எண்ணிச் சொல்ல முடிவதில்லை. காலைத் தேநீரும் மாலை பிஸ்கட்டும் குளிர்பானமும் கடைத்தெரு இனிப்பும் சேர்ந்து, எல்லா நாட்களையும் இனிப்பு நாட்களாக்கிவிட்டன.

அரபகத்தில் இனிப்பு

அரபு மண்ணின் தொன்மையான இனிப்புகள் பேரீச்சம்பழமும் தேனும் ஆகும். நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்னும் கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி நூலில் உள்ளது. அங்கு வரும் ‘ஹல்வா’ என்னும் சொல் இனிப்பான பொருள் எதற்கும் உரிய பொதுச்சொல்லாகும். நெய் சொட்டும் இன்றைய அல்வாவை அக்காலத்து மதீனாவில் தேடுதல் பொருந்தாது.

மாவும் தேனும் சேர்த்துக் கிளறிச் செய்யப்படும் ‘ஃபாலூதஜ்’ என்னும் இனிப்பு பாரசீகத்திலிருந்து அரபகத்திற்கு வந்தது. மக்கத்துச் செல்வரான அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன், பாரசீக அரசவையில் அதனைச் சுவைத்துவிட்டு, அதைச் செய்யத் தெரிந்தவரை மக்காவுக்கு அழைத்து வந்து ஊராருக்கெல்லாம் விருந்தளித்தார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை ஏற்பட்டதும் இவருடைய இல்லத்திலேயே என்பதை நாம் அறிவோம். இனிப்பென்பது ஊர் கூடி உண்ணும் பொருளாக அன்றே இருந்தது என்பதற்கு இச்செய்தியே சான்று. இன்று கடைகளில் கண்ணாடிக் குவளையில் தரப்படும் ‘ஃபலூடா’வின் பெயரும் அதே பாரசீகச் சொல்வழியில் வந்ததுதான்.

பாக்தாதின் சமையல் நூல்

அப்பாஸியர்களின் தலைநகரான பாக்தாதில் சமையற்கலை பெருவளர்ச்சி கண்டது. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் என்பவரும், 1226ஆம் ஆண்டில் முஹம்மது இப்னுல் ஹசன் அல்பக்தாதீ என்பவரும் ‘கிதாபுத் தபீக்’ என்னும் பெயரில் சமையல் நூல்களை இயற்றினர். அல்பக்தாதீயின் நூலில் இனிப்புகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. வாதுமைப் பருப்பும் சர்க்கரையும் பொதிந்த ‘லவ்ஸீனஜ்’, எண்ணெயில் பொரித்துப் பாகில் இடும் ‘லுக்மத்துல் காளீ’ ஆகியவற்றின் செய்முறைகளை அவர் விவரிக்கிறார். லுக்மத்துல் காளீ என்றால் நீதிபதியின் கவளம் என்று பொருள். அரபு மக்கள் ‘ஸலாபியா’ என்று அழைத்த பாகுப் பண்டத்தின் பெயரே நம் நாட்டில் ‘ஜிலேபி’ ஆயிற்று.

இந்நூல் எழுதப்பட்ட 32 ஆண்டுகளில், 1258இல், மங்கோலியர்கள் பாக்தாதை அழித்தனர். நூலகங்கள் அழிந்தன, அரண்மனைகள் அழிந்தன, ஆனால் அல்பக்தாதீயின் நூலின் கையெழுத்துப்படி இஸ்தான்புல்லில் காக்கப்பட்டு இன்றளவும் கிடைக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பாக்தாத் மக்கள் எந்த இனிப்பை எந்த அளவில் கிண்டினர் என்பதை நாம் அறிய முடிவதற்குக் காரணம், ஒருவர் அதனை எழுதி வைத்ததேயாகும். இதனை ஜமாஅத்தார் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இச்செய்திக்குத் திரும்புவோம்.

சொற்கள் கூறும் வரலாறு

கரும்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர்கள் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தவர்கள் என்னும் செய்தி புறநானூற்றில் உண்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையில் இந்தியா முன்னோடியாக விளங்கியது. சிறு கற்களைக் குறித்த ‘சர்க்கரா’ என்னும் வடசொல் தமிழில் சர்க்கரை ஆயிற்று; பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆயிற்று; அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று. ஐரோப்பியர்களின் ‘சுகர்’ என்னும் சொல் அரபியின் வழியாகச் சென்றதாகும். இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற கரும்புப் பயிரை முஸ்லிம்கள் எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை கொண்டு சென்று பரப்பினர்.

ஊர்ப்பெயர்களும் இவ்வரலாற்றில் தங்கியுள்ளன. சீனத்தின் பெயரால் ‘சீனி’ என்றும், எகிப்தைக் குறிக்கும் ‘மிஸ்ர்’ என்னும் அரபுச் சொல்லால் வடநாட்டில் ‘மிஸ்ரி’ என்றும் பெயர்கள் ஏற்பட்டன. நம் முதியோர் வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்பர். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில் உள்ள அஸ்கா என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சர்க்கரை ஆலை எழுந்தது. அவ்வூரின் பெயரே சரக்கின் பெயராக நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

வடக்கிலிருந்து வந்தவை

1333இல் சிந்து நதியை அடைந்த பயணி இப்னு பதூதா, முல்தானிலிருந்து தில்லி செல்லும் வழியில் கண்ட விருந்துகளை விவரித்துள்ளார். உணவுக்கு முன் சர்க்கரைப் பானம் வழங்கப்பட்டதையும், வாதுமையும் தேனும் பொதிந்த பண்டம் பரிமாறப்பட்டதையும், நாம் மேலே கண்ட நீதிபதியின் கவளத்தை அங்குள்ளோர் ‘ஹாஷிமி’ என்று அழைத்ததையும் அவர் குறிப்பிடுகிறார். பாக்தாதின் இனிப்பு ஏறத்தாழ நூறாண்டில் இந்திய விருந்தில் வேறு பெயரோடு இடம்பெற்றுவிட்டது.

பேரரசர் அக்பரின் அவையில் அபுல் ஃபஸ்ல் தொகுத்த ‘ஆயினே அக்பரி’, அரண்மனை உணவுகளின் அளவுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அல்வாவுக்கு மாவு, கற்கண்டு, நெய் ஆகிய மூன்றும் சம எடையாகக் கூறப்பட்டுள்ளன. நெய்யில் சோற்றையும் கற்கண்டையும் சேர்த்துச் செய்யும் ‘ஸர்த் பிரிஞ்ச்’ என்பதும் அதில் உண்டு. உருது பேசும் நம் சகோதரர்களின் திருமணங்களில் இடம்பெறும் மஞ்சள் நிற ‘ஜர்தா’ அதன் வழிவந்ததாகும். ஷீர் குருமா, ஃபிர்னி, ரவையும் முட்டையும் பாலும் நெய்யும் சேர்த்துத் தம்மில் வேகவைக்கும் தம்ரூட் ஆகியவையும் இம்மரபைச் சேர்ந்தவை. பாகில் ஊறி, உள்ளே பருப்புகளைக் கொண்ட ஆர்க்காடு மக்கன் பேடாவை அவ்வூர் மக்கள் நவாபுகளின் காலத்தோடு இணைத்துக் கூறுவர்.

கடல் தந்த இனிப்புகள்

தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்களின் இனிப்புகளோ வேறொரு திசையிலிருந்து வந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரக்கலங்கள் இலங்கைக்கும் மலாய் நாட்டிற்கும் சுமத்திராவுக்கும் சென்று வந்தன. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்ததும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்குப் பெருகினர். 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. துணியை ஏற்றிச் சென்றவர்கள் பாக்கையும் மிளகையும் மட்டும் கொண்டுவரவில்லை; உணவின் சுவையையும் கொண்டுவந்தனர்.

கீழக்கரையின் தொதல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மலாய், ஜாவா மக்கள் ‘டோடோல்’ என்று அழைக்கும் இனிப்பே நம் நாவில் தொதல் ஆயிற்று. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றைக் கலந்து பெரிய சட்டியில் ஏற்றி, அடிபிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். தேங்காய்ப்பாலின் எண்ணெய் பிரிந்து, கலவை கருத்துத் திரண்டு, கரண்டியில் ஒட்டாமல் வரும்போதுதான் இறக்குவர். ஒருவர் கை சோர்ந்தால் மற்றொருவர் கரண்டியை வாங்குவார். தனியாக நின்று செய்யும் பண்டமன்று அது. ஆகையால் அன்றாடம் செய்யும் பண்டமாகவும் அது இருந்ததில்லை.

வட்டிலப்பத்தின் வரலாறும் இத்தகையதே. வட்டில் என்னும் கிண்ணத்தில் வேகவைக்கும் அப்பம் என்பதால் பெயர் தூய தமிழ்ப்பெயர். ஆனால் பண்டத்தின் உறவினர் மலாய் நாட்டிலும் உண்டு. முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைக்கும் ‘ஸ்ரீகாயா’வை அங்குக் காணலாம். இலங்கையில் டச்சுக்காரர்கள் ஆட்சி புரிந்த காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களும் படைவீரர்களும் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். இலங்கை மலாய் மக்களின் மூதாதையர் இவர்களே. இவர்கள் வழியாக வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் பண்டமாயிற்று என்பது பரவலான கருத்து. கொழும்பிலும் காலியிலும் வணிகம் செய்த நம்மவர்களின் இல்லங்களிலும் அது இடம்பெற்றது. இலங்கையில் கித்துள் பனையின் வெல்லத்தை இடுவர். பனைமரங்கள் நிறைந்த இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் பனங்கருப்பட்டியும் கைகொடுக்கும்.

வட்டிலப்பத்தின் பக்குவம் அளவில் உள்ளது. கருப்பட்டியைக் கரைத்து மண் நீங்க வடிகட்டி, ஆறவைக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். நீர் சேராத முதற்பாலையே சேர்க்க வேண்டும். இரண்டாம் பால் கலந்தால் உறையாது. ஏலக்காய் மணக்கலாம், மிஞ்சக்கூடாது. தீ மிகுந்தால் நடுவில் துளைகள் விழும்.

தென்னம்பாளையின் சாற்றைக் காய்ச்சித் தேன் போன்ற பாகு செய்வதையும், அதனை இந்திய, யமன், சீன வணிகர்கள் வாங்கிச் சென்று இனிப்புகள் செய்வதையும் இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். மரத்திலிருந்து இறக்கிய பாகும் கடல் வணிகமும் இணைந்த நெடிய மரபு இது. நோன்பு திறக்கும் வேளையில் நம் கடற்கரை ஊர்களில் தவறாமல் வைக்கப்படும் கடற்பாசியும் இதில் அடங்கும். கடைகளில் அது ‘அகர் அகர்’ என்னும் பெயரில் விற்கப்படுகிறது. அதுவும் மலாய்ச் சொல்லே.

ஒரு செய்தி இங்குக் கூறத்தக்கது. கப்பலோட்டியவர்களின் பெயர்கள் பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் உள்ளன. அவர்கள் கொண்டுவந்த சுவையை நம் மண்ணின் பொருள்களைக் கொண்டு மீண்டும் படைத்த பெண்மணிகளின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அப்பண்டங்களே அவர்களுடைய நினைவுச் சின்னங்களாகும்.

அட்டையில் அளந்த சர்க்கரை

இவ்வளவு வகைகள் இருந்தும் நம் முன்னோர் இனிப்பை அன்றாடம் உண்ணாமைக்குக் காரணம் அவர்களின் கட்டுப்பாடு மட்டுமன்று. சர்க்கரையின் அருமையும் ஆகும். சாதாரண வீடுகளில் கருப்பட்டியும் வெல்லமுமே புழங்கின. வெள்ளைச் சர்க்கரை விருந்தினருக்குரியது.

இந்நிலை 20ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கு உருவாக்கப்பட்ட புதிய கரும்பு வகைகள் விளைச்சலைப் பெருக்கின. அதுவரை ஜாவாச் சர்க்கரை பெருமளவில் இறக்குமதியாகி வந்தது. 1932இல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் வந்ததும், சில ஆண்டுகளிலேயே ஆலைகளின் எண்ணிக்கை பன்மடங்காயிற்று. எனினும் இரண்டாம் உலகப்போர் காலத்தில் சர்க்கரை பங்கீட்டுப் பொருளாயிற்று. விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் சர்க்கரை என்றால் பங்கீட்டுக் கடையின் வரிசையே நினைவுக்கு வந்தது. திருமணம் வைத்திருப்போர் கூடுதல் சர்க்கரைக்கு அனுமதி கேட்டு அலுவலகங்களை நாடிய காலமும் உண்டு.

எனவே பெருநாள் வருமுன்பே வீட்டுப் பெண்கள் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சர்க்கரையைச் சேர்த்து வைத்தனர். சேர்த்ததில் ஒரு பங்கு அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு ஏழைகளுக்கும் சென்றது. சஹனில் அமர்ந்து நால்வர் சேர்ந்து உண்ணும் விருந்தில் இனிப்பு ஒரு சிறு கிண்ணத்தில் வரும். நால்வரும் அதனைப் பகிர்வர். தனக்கெனத் தனிக்கிண்ணம் என்பது அன்று இல்லை.

எண்ணிக்கை மாறிய பிறகு

இன்று உலகில் மிகுதியாகச் சர்க்கரை நுகரும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் செலவாகிறது. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 20 கிலோ, அதாவது நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் மேல். வெல்லமும் கருப்பட்டியும் இக்கணக்கில் சேரா. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. பெரியவர் ஒருவருக்கு அது சுமார் 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் மேலும் நன்று என்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையுடன் நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடி, நோயின் வாயிலில் நிற்போர் 13.6 கோடி. நோய்க்கு இனிப்பு மட்டுமே காரணமன்று. உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், பரம்பரை, அரிசி மிகுந்த உணவு ஆகியவையும் காரணங்களாகும். எனினும் நம் பந்திகளில் இனிப்பு வரும்போது கையை மறித்து வேண்டாம் என்போர் ஆண்டுதோறும் பெருகுவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். முதியோர் மட்டுமன்றி நாற்பது வயதினரும் அவர்களுள் உள்ளனர்.

இங்கு வருந்தத்தக்க முரண் ஒன்று உண்டு. சர்க்கரை பெருகியதால் நம் மரபு இனிப்புகள் பெருகவில்லை, குறைந்தே வருகின்றன. நான்கு மணி நேரம் தொதல் கிண்டக் கைகள் கூடுவதில்லை. திருமணங்களில் ஐந்தாறு வகை இனிப்புகள் வைக்கப்படுகின்றன. அவற்றுள் நம் ஊருக்கென்று உரியது ஒன்றேனும் இருப்பதில்லை. மீந்தவை குப்பைக்குச் செல்வதையும் காண்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

இனிப்பை வெறுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிய ஒன்றை வெறுக்கச் சொல்ல நமக்கு உரிமையுமில்லை. வீண் விரயம் கூடாது என்னும் கட்டளையையும் அவர்கள் வழியாகவே நாம் பெற்றோம். ஆகவே ஜமாஅத்தாரின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

திருமண விருந்துகளில் இனிப்பு ஒன்றே போதும் என்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்யலாம். அந்த ஒன்று நம் மரபைச் சேர்ந்ததாக இருக்குமாயின் சமைக்கும் பெண்களுக்கு அது வருவாயுமாகும். நோன்பு திறக்கும் வேளையில் வண்ணக் குளிர்பானங்களுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நிறைவு கொள்ளலாம். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், வற்புறுத்தி ஊட்டுவதை அன்பென்று கருதாதிருக்கலாம். கருப்பட்டி ஆயினும் அவருக்கு அது சர்க்கரையே என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, நம் மூதாட்டிகளின் செய்முறைகளை எழுதி வைத்தல். ‘கண் அளவு, கை அளவு’ என்று அவர்கள் கூறுவதைப் பக்கத்தில் அமர்ந்து படியாலும் தராசாலும் அளந்து குறித்துக்கொள்ளும் பணியை நம் கல்லூரி மாணவியர் மேற்கொள்ளலாம். செய்தவரின் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் உடன் எழுத வேண்டும். பாக்தாத் வீழ்ந்த பின்னும் அதன் இனிப்புகள் பிழைத்தது ஓர் ஏட்டினால் என்பதை மேலே கண்டோம். நம் ஊர் எப்படையெடுப்பையும் காணவில்லை. எனினும் எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு வட்டிலப்பம் என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.

அவ்வாறு குறிக்கப்பட்டவை ஜமாஅத் அலுவலகத்தில் சேர்ப்பிக்கப்படுமாயின், இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு மலரில் அவற்றைச் செய்தவர்களின் பெயரோடு வெளியிடக் காத்திருக்கிறோம்.